குள்ளர் இனத்துக்குப் பண்பாடும் நாட்டார் நம்பிக்கைகளும் அமைப்பது எப்படி

கற்பனை உலகக் கதைகளில் ஒரு குள்ளர் வந்து நின்றதும் வாசகர் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்: நீண்ட தாடி, கோடரி, பொன்னின் மீது தீராத ஆசை, எளிதில் ஆறாத கோபம். இவையே போதும் என்று எழுத்தாளர் நின்றுவிட்டால் அந்த இனம் வெறும் வேடமாக மிஞ்சிவிடுகிறது. அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், பிறந்த குழந்தையின் காதில் என்ன சொல்கிறார்கள், இறந்தவரை எங்கே வைக்கிறார்கள், எந்த நாளில் உளியைத் தொட மறுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த உலகத்தில் விடையே இருப்பதில்லை. கதை எழுதுபவர்களுக்கும், மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளை நடத்துபவர்களுக்கும், அந்த விடைகளை எங்கிருந்து எந்த வரிசையில் தேடுவது என்பதைக் காட்டவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் தெய்வங்களின் பெயர்ப் பட்டியலை எழுதிவிட்டு, பிறகு அவற்றுக்கு ஏற்றவாறு மக்களை உருவாக்குவதே பலரும் செய்வது. நான் பரிந்துரைக்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் பாறையை முடிவு செய்யுங்கள். அந்தப் பாறையில் என்ன வேலை நடக்கிறது, அந்த வேலையில் எது உயிரைப் பறிக்கிறது, பறிக்கும் முன் என்ன அறிகுறி தெரிகிறது என்பவற்றை அடுத்தடுத்து எழுதுங்கள். இவ்வளவும் அமைந்த பிறகு தெய்வமும் பேயும் சடங்கும் விலக்கும் தாமாகவே தலைகாட்டத் தொடங்கும். அப்படிப் பிறந்த நம்பிக்கைக்கு ஒரு வேலை இருக்கும். வேலை இருப்பதால்தான் அந்த மக்கள் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்று வாசகரும் ஏற்றுக்கொள்வார்.

பழைய தொன்மங்களிலிருந்து எதை எடுப்பது

இன்று நாம் காணும் குள்ளர்களின் மூலவடிவம் வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் தொன்மங்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அங்கே குள்ளர்கள், யிமிர் என்ற ஆதி அரக்கனின் சதையில் புழுக்களாகத் தோன்றி, தேவர்களின் ஆணையால் அறிவும் மனித உருவமும் பெற்றவர்கள். அதே அரக்கனின் மண்டையோட்டால் ஆன வானத்தை, ஆஸ்ட்ரி, வெஸ்ட்ரி, நோர்த்ரி, சூத்ரி என்ற நான்கு குள்ளர்கள் நான்கு திசைகளிலும் தாங்கி நிற்கிறார்கள். நிலத்துக்கு அடியில் வாழும் இனம் என்று நாம் நினைப்பவர்களுக்கு வானத்தின் சுமையை அந்தத் தொன்மம் கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் அப்படியே எடுத்துக்கொள்வதில் பயன் அதிகம் இல்லை. எடுக்க வேண்டியது அவற்றின் சிந்தனை முறை. ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டுவதற்காகக் குள்ளர்கள் செய்துகொடுத்த க்ளைப்னிர் என்ற கட்டு, பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகிய ஆறு பொருள்களால் ஆனது. அவற்றை எடுத்துச் செலவழித்துவிட்டதால்தான் பூனை ஓசையின்றி நடக்கிறது, மலைக்கு வேர் இல்லை என்று கேட்பவருக்குப் புரிகிறது. நாட்டார் நம்பிக்கையின் அடிப்படை வடிவம் இதுவே: கண்ணெதிரே இருக்கும் ஒரு சாதாரண உண்மையை எடுத்து, அதற்குப் பின்னால் யாரோ செய்த ஒரு காரியத்தை வைப்பது. உங்கள் குள்ளர்களின் உலகத்திலும் அன்றாடம் காணப்படும் சில சாதாரண உண்மைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று அவர்கள் சொல்வார்கள் எனக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பாட்டில், இடியின் தெய்வமான தோரின் மகளை மணக்க வந்த அல்வீஸ் என்ற குள்ளர், தோர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பெருமையோடு விடை சொல்லிக்கொண்டே விடியும் வரை நின்றுவிட்டு, கதிரவனின் ஒளி பட்டு அழிகிறார். அவரை வீழ்த்தியது அறியாமை அல்ல, தன் அறிவைக் காட்டும் ஆசை. உங்கள் குள்ளர்கள் ஒளியால் அழிகிறவர்களாக இருக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் எந்தப் பெருமையால் அழியக்கூடியவர்கள் என்பதை முடிவு செய்வது, அவர்களுடைய கடவுள் யார் என்பதை முடிவு செய்வதைவிட முக்கியம்.

பாறையைத் தேர்ந்தெடுத்தல்

மலை என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடாமல் எந்தக் கல் என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கல்லும் தனக்குள் வாழ்பவர்களுக்கு வேறு வேறு பாடங்களைக் கற்பிக்கிறது.

உப்பு மலை மெல்ல நெகிழக்கூடியது. வெட்டிய சுரங்கம் ஆண்டுகள் செல்லச் செல்ல மலையின் எடையால் நெருங்கி மூடிக்கொள்கிறது. மேலும் உப்பில் உடல் அழுகுவதில்லை. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் சுரங்கத்தில் 1734ஆம் ஆண்டு, தொல்பழங்காலத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் உடல் உப்புக்குள் கெடாமல் கிடைத்தது. இந்த இரண்டு உண்மைகளை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு சமயத்தைக் கட்டலாம்: மலை உயிருள்ளது, நாம் வெட்டுவது அதன் காயம், காயம் ஆறுகிறது, ஆறும்போது உள்ளே அகப்பட்டவரை அது தன் சதையாக்கிக்கொண்டு காப்பாற்றி வைக்கிறது. அத்தகைய குள்ளர்கள் புதிய குடைவைத் தொடங்கும்போது மலையிடம் மன்னிப்புக் கேட்பார்கள். பழைய குடைவை மீண்டும் திறப்பதைப் பெரும்பாவமாகக் கருதுவார்கள்.

கருங்கல் மலையின் ஆழத்துக்குப் போகப் போக வெப்பம் ஏறும். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடுவதால், மேலே குளிரும் மலையின் அடியில் வேலை செய்பவர் வியர்வையில் நனைவார். கீழே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணம் அங்கே பிறக்காமல் இருப்பதுதான் கடினம்.

சுண்ணாம்புக்கல் எனக்கு மிகவும் விருப்பமானது. அதில் எழுதுவதற்கு எடுக்க எடுக்கக் குறையாத வளம் இருக்கிறது. உயரத்தில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக இரு வாயில்கள் கொண்ட ஒரு குகையை எடுத்துக்கொள்ளுங்கள். குகையின் உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். குளிர்காலத்தில் உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெப்பமாக இருப்பதால் அது மேல்வாயில் வழியாக எழுந்து போக, கீழ்வாயில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கோடைக்காலத்தில் உள்ளிருக்கும் குளிர்ந்த கனமான காற்று கீழ்வாயில் வழியாக வெளியே பாயும். கீழ்வாயிலில் காவல் நிற்பவருக்கு மலை குளிர்காலம் முழுவதும் மூச்சை இழுப்பதாகவும் கோடை முழுவதும் விடுவதாகவும் தோன்றும். ஆண்டுக்கு ஒரே ஒரு மூச்சு. உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலைக்கு வரும் இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் சில நாட்கள் காற்று அசையாமல் நிற்கும். அவை மலை மூச்சை அடக்கும் நாட்கள்.

இப்போது ஒரு நாட்காட்டியே கிடைத்துவிட்டது. மூச்சை அடக்கும் நாட்களில் காற்றோட்டம் இல்லாததால் உலைப்புகை உள்ளேயே தேங்கும். ஆகவே அந்நாட்களில் பெரிய உலைகளை மூட்டுவதில்லை. உலை இல்லாததால் கொல்லர்கள் ஓய்வாக இருப்பார்கள்; ஓய்வாக இருப்பதால் திருமணப் பேச்சும் கடன் தீர்ப்பும் வழக்கு விசாரணையும் அந்நாட்களிலேயே நடக்கும். உரக்கப் பேசினால் மலை மூச்சைத் திரும்ப விட மறந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதால் வழக்குகள் தாழ்ந்த குரலிலேயே பேசப்படும். அந்நாட்களில் பிறக்கும் குழந்தை மலையின் நிறுத்திய மூச்சைக் கடனாக வாங்கிப் பிறந்தது என்றும், வளர்ந்த பின் ஏழு ஆண்டுகள் வாயில் காவலராக நின்று அந்தக் கடனை அடைக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கத்தை வைக்கலாம். காவலர் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏற்பாடாகத் தொடங்கியது எப்போது நம்பிக்கையாக மாறியது என்பது அவர்களில் யாருக்கும் நினைவிருக்காது.

இதே சுண்ணாம்பு மலையில் சாவையும் அமைக்கலாம். சுண்ணாம்பு கரைந்த நீர் சொட்டும் இடங்களில் கல் மெல்ல வளர்கிறது. பல குகைகளில் தொங்கும் கல்விழுதுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் வளர்கின்றன. மனிதருக்கு இது வாழ்நாளில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆகவே கண்ணுக்குத் தெரியாது. உங்கள் குள்ளர்கள் 300 ஆண்டுகள் வாழ்பவர்கள் என்றால் அதே வேகத்தில் 3 சென்டிமீட்டர் வளர்ச்சியைப் பார்ப்பார்கள். கல் வளர்வது அவர்களுக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல, கண்ட காட்சி. இறந்தவரைச் சொட்டும் நீருக்குக் கீழே படுக்க வைத்து, கல் அவர் முகத்தை முழுவதும் மூடும்வரை அவர் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர்கள் நம்பட்டும். அப்படியானால் சொத்துத் தகராறில் அவரைச் சாட்சியாக அழைக்கலாம். அவர் முன்னால் பொய் சொல்வது குற்றமாகும். பிள்ளைகள் நீரின் ஓட்டத்தைத் திருப்பி முகம் சீக்கிரம் மூடும்படி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு ஒரு குடும்பத்தையே அழிக்கலாம். நீண்ட ஆயுள் என்பதைப் பலர் குள்ளர்களுக்கு ஒரு அலங்காரமாகவே கொடுக்கிறார்கள். அந்த ஆயுள் எதைக் காண வைக்கிறது என்று கேட்டால்தான் அது பண்பாடாகிறது.

ஆபத்திலிருந்து நம்பிக்கை

அடுத்து, சுரங்கத்தில் உயிரைப் பறிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது வருமுன் என்ன ஓசையோ மணமோ அசைவோ தெரிகிறது, அதைச் செய்பவர் யார் என்று சொல்கிறார்கள், அவருக்கு என்ன வேண்டும், அவர் முன்னிலையில் எதைச் செய்யக் கூடாது என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். உண்மையான சுரங்க மக்களின் நம்பிக்கைகளை இந்தக் கேள்விகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவை எவ்வளவு பொருந்துகின்றன என்பது தெரியும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதித் தகரச் சுரங்கங்களில், பாறைக்குள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டால் அது சிறு உருவம் கொண்ட சுரங்க ஆவிகளின் வேலை என்று தொழிலாளர்கள் நம்பினார்கள். அந்தத் தட்டல் வளமான தாது இருக்கும் இடத்தைக் காட்டலாம், அல்லது கூரை சரியப்போவதை எச்சரிக்கலாம். அவற்றுக்கு உணவில் ஒரு துண்டை விட்டுவைப்பார்கள். சுரங்கத்துக்குள் சீட்டியடிப்பது அவற்றுக்குப் பிடிக்காது என்று தவிர்ப்பார்கள். பாறை அழுத்தத்தில் நெரியும்போதும் முட்டு மரங்கள் வளையும்போதும் ஓசை எழுவது உண்மை. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் சீட்டியடிப்பவர் எல்லோருடைய உயிரோடும் விளையாடுகிறார். விலக்கு எவ்வளவு பொருளுடையது என்பதை அதைக் கடைப்பிடிப்பவர் விளக்கத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் கார்ன்வால் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குப் போனபோது அந்த ஆவிகளும் கூடவே போயின. உங்கள் குள்ளர்கள் மலைவிட்டு மலை குடிபெயர்ந்தால் அவர்களுடைய ஆவிகள் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதையும் யோசியுங்கள்.

ஜெர்மனியின் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த அறிஞர் கியோர்கியுஸ் அக்ரிகோலா 1549ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், சுரங்கத் தொழிலாளியின் உடையணிந்த சிறு உருவங்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவை தாதை வெட்டுவதும் தொட்டியில் நிரப்புவதும் போல ஓயாமல் உழைப்பதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் எதையும் செய்வதில்லை. கேலி செய்தால் மட்டும் கல்லை எறியும். எந்த விளக்கமும் இல்லாமல் வேலை செய்வதுபோல் நடிக்கும் இந்த உருவங்களைப்போல, உங்கள் உலகத்திலும் காரணம் சொல்லப்படாத ஒன்றிரண்டு நம்பிக்கைகள் இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்துவிட்டால் அது மக்களின் நம்பிக்கையாக இல்லாமல் பாதுகாப்புக் கையேடாகிவிடும்.

அதே நாட்டில், வெள்ளித் தாதைப்போலத் தோன்றி, உருக்கினால் வெள்ளி தராமல் நச்சுப்புகையை மட்டும் தந்த ஒரு கல்லுக்குச் சுரங்கப் பேய்களே காரணம், அவை வெள்ளியைத் திருடிக்கொண்டு கழிவை வைத்துவிட்டன என்று சொல்லப்பட்டது. அந்தப் புகையின் நஞ்சு ஆர்சனிக். 1730களில் ஸ்வீடன் வேதியியலாளர் கியோர்க் பிராண்ட் அந்தக் கல்லிலிருந்து ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார், அதுதான் கோபால்ட். பேயின் திருட்டு என்று ஒதுக்கப்பட்ட கல்லுக்குள் புதிய செல்வம் இருந்தது என்பது ஒரு முழுக் கதைக்குப் போதுமான விதை.

பொலிவியாவின் பொட்டோசி நகரில் செர்ரோ ரீக்கோ மலைக்குள், சுரங்கத் தொழிலாளர்கள் கொம்பு வைத்த ஒரு உருவத்துக்குக் கோக்கா இலையும் சிகரெட்டும் மதுவும் படைக்கிறார்கள். மலைக்கு வெளியே அவர்கள் கிறிஸ்தவர்கள். மலைக்கு உள்ளே அதிகாரம் அந்த உருவத்துடையது. ஒரே மனிதர் வாயிலைக் கடக்கும்போது இன்னொரு தெய்வத்தின் ஆட்சிக்குள் நுழைகிறார். குள்ளர்களுக்கும் இப்படி ஒரு எல்லையை வையுங்கள்: எந்தப் படியைத் தாண்டினால் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லக் கூடாது?

இனி நானே ஒன்றை அமைத்துக் காட்டுகிறேன். நிலக்கரி வெட்டும் குள்ளர்களுக்கு இரண்டு காற்றுகள் எதிரி. மீத்தேன் காற்றைவிட இலேசானது, கூரையடியில் சேரும்; காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது நெருப்புப் பட்டால் வெடிக்கும். கரியமில வாயு மிகுந்த கெட்ட காற்று கனமானது, பள்ளங்களில் தேங்கி விளக்கையும் மூச்சையும் அணைக்கும். ஆகவே கூரையில் உச்சியாள் என்ற ஒருத்தியும் தரையில் தாழ்வோன் என்ற ஒருவனும் இருக்கட்டும். இருவரும் பிரிக்கப்பட்ட கணவன் மனைவி. நடுவில் நடப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். உச்சியாள் முகத்திரை இல்லாத சுடரைப் பொறுப்பதில்லை. அதனால் விளக்கைக் கம்பி வலையால் மூடியே கொண்டுபோக வேண்டும். 1815ஆம் ஆண்டு ஹம்ஃப்ரி டேவி அறிமுகப்படுத்திய பாதுகாப்பு விளக்கின் தத்துவமும் இந்தக் கம்பி வலைதான்: சுடரின் வெப்பத்தை வலை உறிஞ்சிவிடுவதால் நெருப்பு வெளியே தாவுவதில்லை. ஒவ்வொரு வேலைமுறையின் தொடக்கத்திலும் மூத்தவர் முன்னால் போய், திரையிட்ட விளக்கைத் தலைக்கு மேலே மெல்ல உயர்த்தித் தாயை வணங்குவார். சுடரின் மேல் நீலக் குல்லாய் தோன்றினால் தாய் கோபமாக இருக்கிறாள், எல்லோரும் திரும்பிவிட வேண்டும். பிறகு முழங்காலுக்குக் கீழே இறக்கித் தந்தையை வணங்குவார். சுடர் மங்கினால் அவன் பசியோடு இருக்கிறான். காற்றைச் சோதிக்கும் வேலை முழுவதும் வணக்கமாக நடக்கிறது, செய்பவரும் அதை வணக்கம் என்றே நினைக்கிறார். உங்கள் சடங்குகளில் சிலவாவது இந்த அளவுக்கு வேலையோடு பிணைந்திருக்க வேண்டும்.

உலையும் காடும்

கொல்லர் பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. காய்ந்த இரும்பின் நிறத்தைக் கொண்டே அதன் வெப்பத்தை மதிப்பிட வேண்டியிருப்பதால், வெளிச்சத்தில் அந்த நிறம் ஏமாற்றும். நிலத்தடியில் வாழும் இனம் உலோகத்தில் தேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. குள்ளர்களின் கண் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே நாம் காணாத பல படிகளைக் காணலாம், அந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு மூதாதையின் பெயர் இருக்கலாம்.

இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. ஆறும்போது அது திரும்பி வருகிறது. இன்றும் கொல்லர்கள் எஃகு கடினப்படுத்தும் வெப்பத்தை நெருங்கிவிட்டதா என்று காந்தக்கல்லைக் காட்டிப் பார்ப்பதுண்டு. குள்ளர்களின் கண்ணுக்கு இது இரும்பின் சாவும் மறுபிறப்பும். காந்தக்கல் பிடிக்காத அந்தச் சிறிது நேரத்தில் இரும்புக்குப் பழைய வாழ்வு மறந்துவிட்டது, புதியது தொடங்கவில்லை. அப்போது அதனிடம் சொல்லும் சொல் அதற்குள் தங்கிவிடும். ஆகவே அந்நேரத்தில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது, வாளுக்குப் பெயரிடும் உரிமை பெற்றவர் மட்டும் குனிந்து பெயரைச் சொல்வார். அந்நேரத்தில் ஒருவர் தும்மிவிட்டாலோ கோபத்தில் ஒரு சொல்லை உதிர்த்துவிட்டாலோ அந்த வாளின் கதி என்ன என்பதை உங்கள் கதை சொல்லட்டும்.

காய்ந்த எஃகை எதில் தோய்ப்பது என்பதிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவினைகளைப் பற்றி எழுதிய தெயோஃபிலுஸ் என்ற துறவி, செம்முடிச் சிறுவனின் சிறுநீர் சாதாரண நீரைவிட நன்றாகக் கடினப்படுத்தும் என்று எழுதியிருக்கிறார். உப்புக் கரைந்த நீர் வெறும் நீரைவிட வேகமாகக் குளிர்விக்கும் என்பதால் அதில் ஒரு பகுதி உண்மை; முடியின் நிறம் நம்பிக்கை. உண்மையும் நம்பிக்கையும் இப்படி ஒரே குறிப்பில் கலந்து கிடப்பதே தொழில் மரபின் இயல்பு.

தாடியையும் இங்கே வைத்தே யோசியுங்கள். தீப்பொறி பறக்கும் இடத்தில் நீண்ட தாடி ஆபத்து. அதைப் பின்னித் தோலுறையில் செருகுவது தேவை. பின்னலின் வகை தொழிலைக் காட்டும், கருகிய நுனி அனுபவத்தைக் காட்டும், ஒருமுறையும் கருகாத தாடி உள்ளவரின் சொல்லுக்குப் பட்டறையில் மதிப்பு இருக்காது. காரணம் வைத்துவிட்டால் தாடியும் பேசும்.

உலோகம் உருக்குவதற்குத் தாதைவிடக் கரியே பெரிய தேவை என்பதைக் கற்பனை உலகங்களில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மரத்தைச் சுட்டுத்தான் கரி எடுக்க வேண்டும், பெரிய உலைகள் காடுகளையே விழுங்கும். முட்டுக் கொடுக்கவும் மரம் வேண்டும். காளான் வளர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதினாலும், காளான் இருட்டில் வளர்வதற்கு மட்கும் மரமோ சாணமோ வைக்கோலோ மேலிருந்து வந்தாக வேண்டும். ஆக, எவ்வளவு ஆழத்தில் வாழ்ந்தாலும் குள்ளர்கள் காட்டுக்குக் கடன்பட்டவர்கள். இந்தக் கடன் உணர்ச்சி அவர்களுடைய சமயத்தில் எங்கே இருக்கிறது? மரத்தைப் பார்த்தே இராத ஒரு கொல்லர் ஒவ்வொரு கரித்துண்டையும் உலையில் இடும்முன் நெற்றியில் தொடுகிறார் என்று எழுதலாம். மேலே வாழும் மக்களுடன் அவர்கள் செய்யும் வணிகம், போர், திருமண உறவு எல்லாவற்றுக்கும் இந்தத் தேவையே வேராக இருக்கட்டும்.

யார் எதை நம்புகிறார்கள்

ஒரு இனம் முழுவதும் ஒரே நம்பிக்கையோடு இருக்கும் உலகம் உயிரற்றது. கொல்லருக்கு நெருப்பு தெய்வம். முட்டு மரம் வைப்பவருக்கு அது எதிரி. தண்ணீர் இறைப்பவர்கள் வணங்கும் ஆற்றுத்தாயை உப்புக் குடைபவர்கள் பெயர் சொல்லவும் அஞ்சுவார்கள், ஏனென்றால் நீர் புகுந்தால் உப்பு மலை கரையும். ஆகவே ஒரு நம்பிக்கையை எழுதியதும், அதை ஏற்காத தொழிலார் யார், அதைக் கேலி செய்யும் இளையவர் யார், அதை வைத்து ஆதாயம் பெறுபவர் யார் என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு வணக்கத்தில் தாயின் கோபத்தைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தும் உரிமை மூத்தவருக்கு இருக்கிறது. கூலியைக் குறைத்த சுரங்கத் தலைவருக்கு எதிராக அவர் அந்த உரிமையைப் பயன்படுத்தினால்? நீலக் குல்லாயைத் தலைவர் பார்க்கவில்லை, அவர் மட்டுமே பார்த்தார். சமயமும் அரசியலும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

நம்பிக்கை தவறாகவும் இருக்கலாம், தீங்கும் செய்யலாம். வெட்டும் முகப்புக்குப் பெண்கள் வந்தால் தாது மறைந்துவிடும் என்ற நம்பிக்கை சில நாடுகளின் சுரங்கங்களில் நீண்ட காலம் இருந்தது. உங்கள் உலகத்திலும் யாரோ ஒரு பிரிவினர் இப்படி விலக்கப்பட்டிருக்கலாம். அவர்கள் தமக்கென வைத்திருக்கும் மறைவான நம்பிக்கைகள் பெரும்பாலும் எல்லாவற்றையும்விடச் சுவையானவை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொன்னாசை பிடித்த, ஒதுங்கி வாழும், வஞ்சகமான சிறு இனம் என்ற சித்திரம், உண்மையான சில இனத்தாரைப் பற்றி வரலாற்றில் பரப்பப்பட்ட அவதூறுகளோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். குள்ளர்களின் மொழியையோ உடையையோ பேச்சையோ வாழும் ஒரு மக்கள் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு பேராசையை அவர்களின் பிறவிக்குணமாக எழுதாதீர்கள். பொன்னின் மீது அவர்களுக்குப் பற்று இருந்தால் அதற்கும் காரணம் வையுங்கள்: பொன் துருப்பிடிப்பதில்லை, ஈரமான குகையில் இரும்பும் செம்பும் நிறம் மாறும்போது பொன் மட்டும் வைத்தபடியே இருக்கிறது, 300 ஆண்டுக் கடனை எழுதிவைக்கப் பொன் தகட்டைவிட நம்பகமானது எது? அப்போது பொன் அவர்களுக்குச் செல்வம் அல்ல, நினைவு. அதேபோல் உயரம் குறைந்த மனிதர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள், வாசகர்களாகவும் இருக்கிறார்கள்; உயரத்தையே நகைச்சுவைக்குப் பொருளாக்கும் கதை அவர்களைக் காயப்படுத்துவதோடு, ஒரு இனத்தைப் படைக்கும் வாய்ப்பையும் வீணாக்குகிறது. குள்ளர்களின் வீட்டில் எல்லாம் அவர்கள் அளவுக்கே இருக்கும். அங்கே குனிந்து தடுமாறுபவர் விருந்தாளிதான்.

பேச்சில் வைப்பது

நம்பிக்கை பழமொழியிலும் வசவிலும் வாழ்த்திலும்தான் முதலில் தெரியும். நிலத்தடியில் பிறந்தவர்களின் வாயில் கதிரவன், நிலவு, விதை, அறுவடை ஆகியவற்றைச் சார்ந்த உவமைகள் வரக் கூடாது. எழுதி முடித்ததும் உரையாடல்களை மட்டும் தனியாகப் படித்து இவற்றை நீக்குங்கள். அவர்களுக்கு நன்மை என்பது காய்ந்த தரை, தெளிந்த காற்று, நேராக எரியும் சுடர். தீமை என்பது வளைந்த முட்டு, திடீர் மௌனம், எங்கிருந்து என்று தெரியாத ஈரம். "உன் சுடர் நேராக நிற்கட்டும்" என்பது வாழ்த்து. "முட்டில்லாத கூரை" என்பது நம்பத்தகாதவரைக் குறிக்கும் வசவு. "எதிரொலி வந்த பிறகு பதில் சொல்" என்பது பொறுமையைக் கற்பிக்கும் பழமொழி. ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் தொழிலுக்கே உரிய தனி வாழ்த்தால் வரவேற்பது இன்றும் உண்டு. உள்ளே போகிறவருக்கு ஒன்று, வெளியே வந்தவருக்கு ஒன்று என்று உங்கள் குள்ளர்களுக்கு இரண்டு வைத்தால், தவறான இடத்தில் தவறானதைச் சொன்ன அயலாரை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

பெயர்களில் சுருக்கமாக ஒன்று: பிறக்கும்போது ஒரு பெயர், முதல் தாதை வெட்டியதும் ஒரு பெயர் என்பதோடு நிறுத்துங்கள். மூன்றாவது பெயர் வந்தால் வாசகர் குழம்புவார்.

காட்சியில் வைப்பது

மேலே சொன்னவற்றையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருப்பீர்கள். அவற்றில் பத்தில் ஒன்றைத்தான் கதையில் பயன்படுத்த வேண்டும். ஒரு நம்பிக்கையை வாசகருக்கு அறிமுகப்படுத்த நல்ல வழி, அதை யாராவது அவசரத்தில் மீற வேண்டிய நிலையை உண்டாக்குவது. மலை மூச்சை அடக்கும் நாளில் எதிரிப்படை வாயிலுக்கு வந்துவிட்டது, ஆயுதம் போதவில்லை, உலையை மூட்டினால் புகை உள்ளே தேங்கும், மூட்டாவிட்டால் கதவு விழும். இப்போது கொல்லர் தலைவி எடுக்கும் முடிவில் நாட்காட்டியும் சமயமும் காற்றோட்டமும் ஒரே நேரத்தில் வாசகருக்கு விளங்கிவிடும், யாரும் நின்று விளக்கவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. அயலார் ஒருவர் கேள்வி கேட்க, முதியவர் ஒருவர் நீண்ட விடை சொல்லும் காட்சியை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். கேட்டாலும், "எங்கள் பாட்டி அப்படித்தான் செய்வாள்" என்பதே உண்மையான பதிலாக இருக்கும். தாம் வாழும் நம்பிக்கையை முழுவதும் விளக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

மீறியதற்கு விலை இருக்க வேண்டும், ஆனால் அந்த விலை தெய்வத்தின் தண்டனையா பாறையின் இயல்பா என்பதை நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். உச்சியாள் உண்மையில் இருக்கிறாளா என்று உங்கள் குறிப்பேட்டில்கூட எழுத வேண்டாம். மந்திரம் உள்ள உலகமாக இருந்தாலும் எல்லா நம்பிக்கைகளும் மந்திரத்தால் மெய்ப்பிக்கப்படக் கூடாது. சில வெறும் வழக்கமாக, சில பயனுள்ள வழக்கமாக, ஒன்றிரண்டு மட்டும் விளங்காததாக நிற்கட்டும்.

கடைசியாக, தாது தீர்ந்துபோன பிறகு என்ன ஆகிறது என்பதையும் எழுதிப் பாருங்கள். நிலக்கரி தீர்ந்து, அந்தக் குள்ளர்கள் மீத்தேன் இல்லாத சுண்ணாம்பு மலைக்குக் குடிபெயர்ந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அங்கே விளக்குக்கு வலை தேவையில்லை, ஆனாலும் திருமணத்தன்று மணமக்கள் வலையிட்ட விளக்கைத் தலைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் காட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அந்தக் காரணங்களில் மூன்றை, ஒன்றுக்கொன்று முரணாக, ஒரு பாட்டியின் வாயிலும் ஒரு பூசாரியின் வாயிலும் ஒரு சிறுவனின் வாயிலும் வைத்து எழுதுங்கள். நான்காவதாக ஒருவர், புதிய மலையின் ஆழத்தில் எதிர்பாராமல் ஒரு நிலக்கரிப் படுகையை வெட்டித் திறக்கிறார். அவர் கையில் இருப்பது எந்த விளக்கு என்பதிலிருந்து உங்கள் கதையைத் தொடங்கலாம்.